அலோன் சுவரில் தேவியின் சும்மாடு

கடந்த ஜனவரியில் நான் யாங்கூன் போனதற்கு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் அக்காதான் காரணம். அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள், அதாவது சிக்கானாக்கள், ஒரு தெருச் சுவர் முழுக்கத் தங்கள் அம்மாக்களை வரைந்துகொண்டிருந்தார்கள். பள்ளிச் சிறுமிகள்கூடத் தூரிகையோடு நின்றார்கள். அரை நாள் அங்கேயே நின்றுவிட்டேன். ஊர் திரும்பியும் வாய் ஓயாமல் இதையே சொல்ல, யாங்கூனில் பிறந்த தோழி ஒருத்தி, "எங்க ஊர்லயும் தமிழ்ப் பொம்பளைங்க வரையறாங்க, போய்ப் பாரேன்" என்றாள். கிளம்பிவிட்டேன்.

சென்னையிலிருந்து பாங்காக் வழியாகப் பயணம். கியாக்டடாவில், சூலே பகோடாவுக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன். ஞாயிறு காலை எட்டரைக்கு டாக்சி பிடித்தேன். அந்தப் பெண்கள் வரையும் அலோன் பகுதிக்கு நான்கு கிலோமீட்டர், பன்னிரண்டாயிரம் சாட். (கியாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டதும் மயக்கம் வரும், நம் பணத்தில் அவ்வளவு இல்லை.) பேருந்து மலிவு. ஆனால் வழி கேட்கும் அளவுக்கு எனக்குப் பர்மியம் வராது.

ஆற்றங்கரைக் கிடங்குகளைத் தாண்டியதும் ஒரு சமூகக்கூடம். அதன் பக்கச் சுவரை ஒட்டிப் பத்துப் பதினைந்து பெண்கள். தலைவி டோ ரோசி. 'டோ' என்பது மூத்த பெண்களுக்கான பர்மிய மரியாதைச் சொல். அவர்கள் வேலை செய்யும் முறையை அவரே விளக்கினார். யாரும் தன்னைத் தானே வரையக் கூடாது, இன்னொருத்திதான் வரைவாள். எப்படி வரைய வேண்டும் என்பதை மட்டும் வரையப்படுகிறவள் சொல்வாள், மறுபேச்சு கிடையாது.

"வீட்ல நம்ம சொல்றத யாரு கேக்குறா? இங்கயாவது கேக்கட்டுமே" என்று சிரித்தார்.

அன்று செல்வி தன் அம்மா தேவியை வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, கன்னத்தில் பர்மியப் பெண்கள் சந்தனம்போல் அரைத்துப் பூசும் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, நெற்றியில் பொட்டு. தேவி ஆற்றங்கரைச் சந்தையில் மீன்கூடை சுமப்பவர். சுவரில் இருந்தவரோ பட்டுச்சேலை கட்டி, கழுத்து நிறைய நகையோடு நின்றார்.

"அடுத்த வாரம் என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. வீடு சின்னது, அதனால இந்தக் கூடத்துலதான். சொமக்குற பொம்பளன்னு தெரிஞ்சா சம்பந்தம் விட்டுப்போயிடும்னு அம்மா பயப்படுது" என்றாள் செல்வி. குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அம்மா சொன்னபடியே வரைந்தாள். எனக்கும் எரிச்சல்தான், அடுத்த வீட்டு விஷயம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குச் சந்தை முடிந்து தேவி வந்தார். ஈரக் கைலி. கூடை அழுத்தாமலிருக்கச் சுருட்டி வைக்கும் சும்மாட்டுத் துணி இன்னும் தலையிலேயே இருந்தது. சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"யாரு செல்வி இது?"

"நீதாம்மா. நீ சொன்னபடிதான்."

"இந்தக் கழுத்துல கூடை நிக்காதே."

மகள் கையிலிருந்த தூரிகையை வாங்கி, பட்டுச்சேலைக்காரியின் தலைமேல் கோணல்மாணலாக ஒரு சும்மாட்டை வரைந்தார். முறை உடைந்துபோயிற்று. எல்லோரும் டோ ரோசியைப் பார்த்தோம். அவர் பழுப்புச் சாயக் கிண்ணத்தைத் தேவி பக்கம் நகர்த்தி, "கூடையும் வேணும்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் தனியாக இருந்திருந்தால் தேவி அந்தத் தூரிகையைத் தொட்டிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவரைக் கூடை சுமக்கும் கோலத்திலேயே அறிந்தவர்கள், அப்படியே மதித்தவர்கள். லாஸ் ஏஞ்சலஸிலும் சரி, யாங்கூனிலும் சரி, சுவர் வெறும் சாக்கு, கூடி நிற்பதுதான் விஷயம் என்று தோன்றியது.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும். விசாவையும் பாதுகாப்பு நிலவரத்தையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் அடிக்கடி போகும், பவர் பேங்க் அவசியம். இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். படம் எடுக்கும் முன் அந்தப் பெண்களிடம் கேளுங்கள்.

நான் ஊர் திரும்பிய பிறகு டோ ரோசி செய்தி அனுப்பினார்: மாப்பிள்ளை வீட்டார் வந்து, சுவரையும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போனார்களாம். கவலையோடு செல்விக்குப் போன் செய்தேன்.

"அவங்க யோசிக்கட்டும் அக்கா. நாங்களும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கோம்" என்றாள்.