கத்தாழைக் கல் மாலை

தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சராக இருந்தேன். நாள் பூராவும் நாற்பது பெண்களுக்குக் காஜா எடுக்கவும் கொக்கி வைக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கோணலாகப் போனதையெல்லாம் நானே பிரித்துத் தைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நகை செய்தேன். உன்னை யார் செய்யச் சொன்னது என்று அம்மா வாரத்துக்கு ஒருமுறை கேட்டாள்.

எங்கள் சபையில் நகை போடக் கூடாது. தங்கம் என்றில்லை, கண்ணாடி வளையல்கூடக் கூடாது. அம்மா ஞானஸ்நானம் எடுத்த அன்று தன் தோட்டைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள். ஆறு வயசான என் காதிலிருந்ததும் அதே பைக்குள் போயிற்று. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் எனக்கு நகைமேல் ஆசை போய்விட்டது என்று சபையில் நினைத்திருப்பார்கள். ஆசை எங்கே போகும்? போடக் கூடாது என்றுதான் பாஸ்டர் சொல்லியிருந்தார், செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாக நுழைந்துகொண்டேன். நான் செய்தேன், மற்ற டீச்சர்கள் போட்டுக்கொண்டார்கள்.

எதிலெல்லாம் செய்தேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஸ்டேஷன் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் வெட்டிப்போட்ட செம்புக் கம்பி. பம்மலில் தோல் பதனிடும் இடத்திலிருந்து ஒரு மாணவியின் அப்பா கொண்டுவந்து தந்த தோல் துண்டுகள். அந்தத் தோலில் இலை இலையாக வெட்டி ஒரு தொங்கட்டான் செய்து ஹிந்தி டீச்சருக்குக் கொடுத்தேன். மழை நாளில் அதைப் போட்டுக்கொண்டு போனவளைத் தெரு நாய் பள்ளிக்கூட வாசல்வரை விடாமல் துரத்தி வந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

கத்தாழைக் கல் கிடைத்தது சாப்பாட்டுத் தட்டில். கத்தாழை மீன் தலையைச் சப்பிக்கொண்டிருந்தபோது கடைவாய்ப் பல்லில் கடக்கென்று பட்டது. பல் போயிற்று என்று துப்பினால் கல். வெள்ளை வெளேரென்று, மொச்சைக்கொட்டை அளவில், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் மேடு பள்ளமாகவும் இருந்தது. மறுநாள் மீன்காரம்மாவிடம் காட்டினேன். அவள் சிரித்தாள். எல்லாக் கத்தாழைக்கும் மண்டைக்குள் ரெண்டு கல் இருக்கும், எங்க குப்பத்தில் குழந்தைங்க வெச்சு ஆடும் என்றாள்.

அவள் சோழிங்கநல்லூருக்கு அப்பால் ஒரு குப்பத்திலிருந்து வாரம் இரண்டு நாள் கூடையோடு வருவாள். என் வயசுதான் இருக்கும், ஆனால் வெயிலும் உப்பும் அவளைப் பத்து வயசு மூத்தவளாக்கியிருந்தன. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். ஒரே பெண்ணை எங்கள் பள்ளி ஹாஸ்டலில் சேர்த்திருந்தாள். மீன் நாற்றம் இல்லாத இடத்தில் அது வளரட்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். பெண் என் வகுப்பில்தான் இருந்தாள். கெட்டிக்காரி, தையல் நேராக வரும். பள்ளி வாசலில் அம்மா கூடையோடு போனால் இவள் தலையைத் திருப்பிக்கொள்வாள், அம்மாவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவாள். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்ததுதான் அது. நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து விற்காத தலைகளை அவள் எனக்குத் தனியாகக் கட்டிக்கொண்டு வந்தாள். வேகவைத்து, மண்டையைப் பிளந்து, கல்லை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். வீடு முழுக்க நாறும், அம்மா ஜெபம் பண்ண வெளியே போய்விடுவாள். ஒருமுறை பளபளப்பாகட்டும் என்று புளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடுகிற புத்தி. பொசுபொசுவென்று நுரைத்து, இருபது கல்லும் சுண்ணாம்புக் கட்டிபோல் மங்கிப்போயின. துளை போடுவது அதைவிடப் பெரிய பாடு. பழைய குடைக்கம்பியைத் தீட்டி முனை செய்து கையாலேயே திருகுவேன். ஐந்தில் மூன்று பிளந்துவிடும். பிளக்கும்போது வருகிற அழுகை இருக்கிறதே, அது யாருக்கும் சொல்லிப் புரியாது.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். ஒரு மீனில் இருக்கிற இரண்டு கல்லும் ஒன்றுக்கொன்று ஜோடி. இடது காதுப் பக்கத்துக் கல் இடது பக்கம் வளைந்திருக்கும், வலது கல் வலது பக்கம். ஒரே தலையின் கற்களை மாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே கோத்தால் தட்டான்கூட அப்படி அமைக்க முடியாது. இதை யாரிடம் சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உண்மையில், என் நகையை யாராவது போட்டுக்கொண்டு வந்தால் நான் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பேன். இது என்ன கல் என்று எவளாவது கேட்க மாட்டாளா என்று காத்திருப்பேன். கேட்டதும் சொல்லிவிடுவேன். அவள் முகம் மாறுவதைப் பார்ப்பேன். காதில் போட்டுக்கொள்ள முடியாத பெருமையை வாயில் போட்டுக்கொண்டேன், வேறென்ன.

பள்ளி முடித்து இரண்டு வருஷத்தில் மீன்காரம்மாவின் பெண்ணுக்குப் பெருங்களத்தூரில் இடம் அமைந்தது. அவர்கள் ஜாதிதான், ஆனால் கடலை விட்டு இரண்டு தலைமுறை ஆனவர்கள். மாப்பிள்ளை ஒரு ஆபீசில் அட்டெண்டர். வீட்டில் வலையோ கூடையோ கிடையாது, பேச்சில்கூடக் கிடையாது. ஹாஸ்டலில் படித்த பெண் என்றுதான் எடுத்தார்கள். பெண்ணின் அம்மா இனிமேல் பெருங்களத்தூர்த் தெருவில் கூடை தூக்கக் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தாள். மீன்காரம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அதை என்னிடம் சொல்லும்போது அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அப்புறம் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"காதுக்குத் தோடு வாங்கிக்கினேன் டீச்சரம்மா. கழுத்துக்கு ஒண்ணும் இல்ல. நீங்க செய்வீங்களே, அத்தப் போல ஒண்ணு செஞ்சு குடுங்க. எம்பொண்ணு அந்த வூட்ல தலை நிமுந்து நிக்கணும்."

மாட்டேன் என்று சொல்வேனா? நாலு வருஷமாகச் சேர்த்து வைத்ததில் நல்ல ஜோடிகளாகப் பொறுக்கினேன். பல்லாவரத்தில் ஒரு பத்தரிடம் மெல்லிய வெள்ளிக் கம்பி வாங்கினேன். பரீட்சைக் காலம் வேறு, பள்ளியில் தைத்த துணிகளுக்கு மார்க் போட வேண்டும். அந்த ஒன்றரை மாதமும் விரல் நுனியெல்லாம் வெட்டு. முடித்துத் துணியில் விரித்தபோது அம்மா ஜெபத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தாள். ஒரு கல்லை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள். நான் செய்ததிலேயே அதுதான் உருப்படியான வேலை. இப்போதும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கல்யாணம் பெருங்களத்தூரில், மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மீன்காரம்மா அன்று எப்படி இருந்தாள் தெரியுமா? முந்தின நாளே குப்பத்திலிருந்து வந்துவிட்டாள். சீயக்காய், மஞ்சள், வேப்பிலை என்று மூன்று முறை குளித்திருக்கிறாள். தலை நிறையக் கதம்பம். யார் பக்கத்தில் வந்தாலும் ஓரடி பின்னால் தள்ளி நின்று பேசினாள். பெண் கழுத்தில் மாலை மஞ்சள் புடவைமேல் பால்போல் கிடந்தது. வந்தவர்கள் எல்லோர் கண்ணும் அதில்தான். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாலி கட்டி முடிந்து பெண்கள் எல்லோரும் மணப்பெண்ணைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இது இன்னா கல்லும்மா? தந்தமா?"

பெண் வாயைத் திறக்கவில்லை. அவள் அம்மாவும் திறக்கவில்லை. அந்தக் கேள்வி என்னைக் கேட்டதுகூட இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக அந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தவள் நான். இரண்டு பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"தந்தம் இல்லைங்க, கத்தாழை மீன் தலைக்குள்ள இருக்கிற கல். இவங்க அம்மா விக்கிற மீன்ல எடுத்ததுதான்" என்றேன்.

அதோடு விட்டேனா? இடது கல், வலது கல் என்று விரலால் தொட்டுத் தொட்டு விளக்க ஆரம்பித்தேன். எத்தனை தலைகள் வேகவைத்தேன் என்றும் சொன்னேன். மாப்பிள்ளையின் அம்மா மாலையை மெதுவாகக் கீழே விட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மீன்காரம்மா என்னைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் கூடையோடு ஏறும்போது, இறக்கிவிட்டுவிடுவானோ என்று கண்டக்டரைப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்து பந்தியில் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடைகூட இரண்டாவது வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. சொல்லாதே என்று அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அது ஒருத்திக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு அவள் எங்கள் தெருவுக்கு வரவில்லை. வேறொருத்தி கூடையோடு வந்தாள். விசாரித்தபோது, அது இப்போ மேடவாக்கத்தோட நின்னுடுது என்றாள். நான் மேடவாக்கம் போயிருக்கலாம். ஒரே பஸ். பள்ளிக்கூடம், நோட்டு, அம்மாவின் மூட்டு வலி என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சொல்லிப் போகாமலே மூன்று வருஷத்தைத் தள்ளினேன். வேலை இருந்தது உண்மைதான். பயம்தான் அதிகம்.

ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் அந்தப் பெண்ணே எதிரே வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. என்னைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகவில்லை, பக்கத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லா இருக்காங்க, குப்பத்துக்கு நான்தான் போய்ப் பார்க்கிறேன், இங்க வர்றதில்ல என்றாள். புருஷன் நல்லவன்தானாம். ஆனால் அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். மாமியார் கல்யாணத்தன்றே ஒரு பெயர் வைத்துவிட்டாளாம், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறதாம்.

"என்னன்னு?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"மீனுத்தலைன்னு. குழந்தை பொறந்தப்ப, மீனுத்தலைக்குப் புள்ள பொறந்திருக்குன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னாங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையின் சட்டைப் பொத்தானைச் சரிபண்ணினாள். காஜா அவளே எடுத்தது போல, ஒரு நூல்கூடப் பிசிறில்லை. மன்னிச்சிடும்மா என்று சொன்னேன். பீச் போகிற ரயில் வந்து நின்றது. அவள் எழுந்து குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள்.

"மாலை ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். அவங்க தந்தம்னுதான் நெனச்சாங்க. நீங்க சும்மா இருந்திருக்கலாம்."