நான் கேட்காத படிப்பு

நைனாவுக்கு ரோலிங் மில்லில் வேலை. இரும்புச் சத்தத்துக்கு நடுவே வருடக்கணக்கில் நின்று காது மந்தமாகிவிட்டது. ஆனால் போனில் சூப்பர்வைசர் பேசினால் கேட்கும். டிவியில் நியூஸ் ஓடினால் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசினால் மட்டும் கேட்காது. "வாய்க்குள்ளயே பேசுறான், இன்னான்னு கேளு" என்று அம்மாவைப் பார்ப்பார். மீசை அரும்பிய பிறகு அவரோடு நேராகப் பேசியதாக எனக்கு நினைவே இல்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். கோபம் வரக்கூடிய விஷயம் என்றால் அம்மா அவரிடமும் என்னிடமும் தனித்தனியாக எடுத்துப்போவாள், போகிற வழியில் காரத்தைக் குறைத்துவிடுவாள்.

பத்தாவது முடிந்ததும் எனக்குப் பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் வேண்டும். அந்த வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை அது. நைனாவுக்கோ நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்து, சட்டுபுட்டென்று ஒரு கம்பெனிக்குள் நுழைந்துவிட வேண்டும். அம்மாவிடம் சொல்லியனுப்பினேன். "நைனா சரின்னுட்டாரு. காலைல உன்ன இட்டுக்கினு போறாராம்" என்றாள். நம்பினேன்.

காலையில் நைனா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். எங்கள் ஊர் ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் வண்டி ஐடிஐ இருக்கிற சிப்காட் பக்கம் போனது. ஹெல்மெட்டுக்குள் இருக்கிற அந்தக் காதில் எதைச் சொல்லி என்ன என்று பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஐடிஐ ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் இருந்தவரிடம் நைனா சொன்னார்: "நானா ஒண்ணும் சொல்லல சார். ஃபிட்டர்தான் படிப்பேன்னு அவனே ஆசப்பட்டு அவங்கம்மாகிட்ட கேட்டுக்கினான்."

என்னைப் பற்றி இன்னொருவரிடம் அவர் பெருமையாகப் பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அதுவும் நான் சொல்லாத சொல்லுக்கு. "அப்படியா தம்பி?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்தவர். நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். "ரெண்டு பேரும் அடிச்சிக்கக் கூடாதுன்னுதான்டா..." என்று அவள் அழ ஆரம்பித்தாள். நேராகப் போய் நீயே சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கு யாராவது புத்தி சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பேசிப் பழகாத ஆளிடம் எங்கிருந்து தொடங்குவது? "நான் கேக்கவே இல்லேன்னு அவர்கிட்ட சொல்லு. போமாட்டேன்னு சொல்லு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா பின்பக்கம் போனாள். அங்கே நைனா கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

"புள்ளைக்கு ரொம்ப சந்தோசமாங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"மொத நாளு நானே வண்டில கொண்டுபோயி உடறேன்னு சொல்லு" என்றார் நைனா.