ஐம்பதுக்கு எண்பத்தெட்டு

மனசைப் பற்றிப் படிக்கலாம் என்று ஆசையாகச் சேர்ந்தவளுக்குப் புள்ளியியல் வந்து குறுக்கே உட்காரும் என்று யார் கண்டார்கள்? முப்பத்தொன்பது வயதில், பகலெல்லாம் மருத்துவமனை வரவேற்பு மேசையில் சீட்டு எழுதிவிட்டு, மாலையில் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே அக்காவாகப் போய் உட்கார்ந்தாள். உளவியலில் மற்ற பாடங்களெல்லாம் ஒருவழியாகத் தேறிவிட்டன. இது மட்டும் இரண்டு தரம் காலை வாரிவிட்டது. மூன்றாவது தரமும் போனால் பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவார்கள். நாலு வருஷப் பாடு அத்தனையும் தண்டம்.

இந்தத் தரம் பரீட்சைக்குப் பதில் ஓர் ஆய்வு. நோயாளிக்குத் துணையிருக்கிறவர்களுக்கு எவ்வளவு அலுப்பு என்று கேட்டு எழுத வேண்டும். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். காத்திருப்புக் கூடத்தில் ஆளாளுக்குக் கெஞ்சி, ஐம்பத்தொன்பது தாள் சேர்த்தாள். ஆண் முப்பது, பெண் முப்பது வேண்டும்; ஆண்களில் ஒன்று குறைந்தது. வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரிடமே ஒன்றை நீட்டினாள். அவரும் துணையிருக்கிறவர்தானே! தன் தாய் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து, வயரிங் வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷமாக அவர்தான் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றுகிறார்.

முடிவு வந்தபோது அவளுக்கே எரிச்சல். பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அலுப்பு அதிகமாம், அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, மூன்று மடங்கு!

"பாத்தியா? படிச்சவ வாயாலேயே வந்துடுச்சு" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"ரொம்ப ஆடாதீங்க" என்றாள். ஆனாலும் பேராசிரியர் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு முடிவு கிடைத்ததே, அது போதும் என்றிருந்தது. பேராசிரியருக்கு வகுப்புப் பிள்ளைகள் வைத்த பெயர் தசமம். புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம் குறைந்தாலும் மனுஷன் விடமாட்டார்.

ஒப்படைக்கிற நாளும் வந்தது. மூன்று மணிக்குத் தசமத்தின் முன்னால் நிற்க வேண்டும். காலையில் விடுப்புச் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்குக் கொடுத்தாள். நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தைத்துத் தள்ளிய கடைக்காரர், பக்கங்களைத் தட்டி அடுக்கும்போது ஓரிடத்தில் நின்றார்.

"ஏம்மா, மொத்த மார்க்கே அம்பதுன்னு போட்டிருக்கீங்க. ஆம்பளைங்களுக்குச் சராசரி எம்பத்தெட்டு எப்படிம்மா வரும்?"

ஐயோ! அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதில் எழுதாத கட்டத்தில் தொண்ணூற்றொன்பது என்று போட வேண்டும், பிறகு கணினியிடம் அது வெறும் காலியிடம் என்று சொல்லிவிட வேண்டும். வகுப்பில் படித்துப் படித்துச் சொன்ன வழக்கம். அலுத்துப்போய் வந்து தட்டச்சு செய்தவள் முதல் பாதியைச் செய்தாள், இரண்டாவதைக் கோட்டை விட்டாள். பதிலே சொல்லாதவர்களுக்குத் தலைக்குத் தொண்ணூற்றொன்பது அலுப்பு! இரண்டு வாரமாக அந்த எண்பத்தெட்டைத் தினமும் பார்த்திருக்கிறாள், கண் இருந்தும்.

பேசாமல் தைக்கச் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றாமல் இல்லை. கடைக்காரர் கண்ணில் பட்டது தசமத்தின் கண்ணில் படாதா? அதைவிட, இது பொய் என்று தெரிந்தபின் கை கூசியது. கடைக்காரரின் கணினியிலேயே உட்கார்ந்து, பையிலிருந்த தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள்.

விட்டவர்கள் பதினெட்டுப் பேர். பதினெட்டும் ஆண்கள். எல்லோரும் விட்டது ஒரே கேள்வி, ஏழாவது: 'அழ வேண்டும் போல் இருந்ததா?' கடைசித் தாள் அவள் வீட்டுக்காரருடையது. அதில் ஒன்று என்று போட்டு அடித்திருந்தது. பக்கத்தில் ஐந்து என்று போட்டு, அதையும் அடித்து, அப்படியே விட்டிருந்தார். தட்டச்சு செய்த அன்று அவள் கண்ணுக்கு அது வெறும் தொண்ணூற்றொன்பது. இப்போது தாளைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். கடைக்காரர் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

காலியிடங்களை நீக்கிப் போட்டதும் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றார்கள். வித்தியாசம் என்று சொல்ல எதுவும் இல்லை. சாப்பிடாமல் கொள்ளாமல் நாலு பக்கத்தைத் திருத்தி எழுதி, மூன்று மணிக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தாள்.

தசமம் நிதானமாகப் புரட்டினார். "வித்தியாசமே இல்லையா?"

"இல்ல சார். காலைல வரைக்கும் இருந்துச்சு. அது என் தப்பு" என்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"பதினெட்டுப் பேரும் ஒரே கேள்விய மறந்துட்டாங்களா?"

"மறக்கல சார். சொல்ல முடியல. அதையும் கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்."

அவர் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். நூற்றுக்கு ஐம்பத்து நான்கு என்று போட்டுக் கையெழுத்திட்டார். ஐம்பது வந்தால் தேர்ச்சி.

வெளியே வந்தவளுக்குத் துள்ளத் தோன்றவில்லை, எங்காவது படுத்தால் போதும் போலிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாஸாயிட்டேங்க."

"அப்பாடா! வாம்மா, வா. சாப்பிட்டியா?"

"ஏங்க, உங்க தாளைப் பாத்தேன். ஏழாவது கேள்வி."

மாமியார் எதற்கோ கூப்பிடுவது தூரத்தில் கேட்டது.

"அம்மா கூப்பிடறாங்க, வச்சிடறேன்" என்றார். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

"வைக்காதீங்க" என்றாள்.

அவர் வைக்கவில்லை.