தங்கையின் ஊர்ச் சாப்பாடு

அந்த உணவகத்தைக் கண்டுபிடித்தது அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை. நான் முப்பது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவில் இருக்கிறேன். அவள் இந்த நகரத்தில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. பெப்ரவரியில் ஒருநாள், முதியோர் இல்லத்தில் என் வேலையை முடித்துக்கொண்டு டி-பானே ரயிலில் எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, அவளிடமிருந்து ஓர் இணையச் சுட்டியும் ஒரு குரல் செய்தியும் வந்தன.

"அக்கா, உங்கட ஒஸ்லோவிலை எங்கட ஊர்ச் சாப்பாட்டுக் கடை ஒண்டு இருக்கு, தெரியுமோ? எல்லாம் விறகடுப்பிலைதான் செய்யினமாம். நான் வந்தா முதல் அங்கைதான் போறம்."

எங்கட ஊர் என்றதும் நான் நாங்கள் பிறந்த மானிப்பாயை நினைத்தேன். ஒஸ்லோவில் விறகு மூட்டி ஒடியற்கூழ் காய்ச்ச யாருக்குத் துணிவு வந்தது என்று ஆவலோடு திறந்து பார்த்தேன். படங்களில் இரும்புச் சட்டியோடு மேசைக்கு வந்த சோளப் பாண், நெருப்பில் கருக்கிய வெண்டிக்காய், இறால் போட்ட வெள்ளைக் களி. அமெரிக்காவின் தென்மாநிலச் சமையலைப் புது விதமாகச் செய்கிறார்களாம். அவள் எங்கட ஊர் என்று சொன்னது ஜோர்ஜியாவை. அது அவளுடைய ஊராகிவிட்டது என்பது நியாயம்தான். ஆனாலும் அந்த 'எங்கட'வுக்குள் நான் இல்லை என்பது, எல்லிங்ஸ்ருட்டில் இறங்கி வீடு வரும்வரை நெஞ்சில் கிடந்தது.

அவள் எனக்கு மூன்று வயது இளையவள். நான் கல்யாணம் கட்டி நோர்வேக்கு வந்தபோது அவளுக்கு இருபது. சமாதானக் காலத்தில் ஒரு கோடையில் ஊருக்குப் போய் அவளோடு ஒரு மாதம் இருந்தேன். நேரில் கண்டது அதுதான் கடைசி. பிறகு மறுபடி சண்டை. சண்டை முடிந்தபின் அவளும் புருசனும் எத்தனையோ நாடுகளில் ஏறி இறங்கி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜோர்ஜியாவில் ஒரு சின்னப் பட்டணத்தில், பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆறு வருடத்துக்கு முன், அங்கே நிரந்தரமாக இருக்கக் கிறீன் காட் கிடைத்துவிட்டது என்று சொன்னாள். அன்றைக்கு நான் வேலைத்தலத்துக்குக் கேக் கொண்டுபோனேன்.

நாங்கள் கதைக்கும்போதெல்லாம் அவள் சாப்பாட்டைப் பற்றித்தான் சொல்லுவாள். எந்தக் கீரையை எவ்வளவு நேரம் அவிக்கவேண்டும், களி கட்டிபடாமல் எப்படிக் கிண்டவேண்டும், இருநூறு பிள்ளைகளுக்கு எத்தனை தட்டுச் சோளப் பாண். "நான் சமைக்கிறதை நீ ஒருக்காச் சாப்பிட்டுப் பாக்கோணும். அதுவும் எனக்குப் பக்கத்திலை இருந்து," என்பாள்.

ஜூன் மாதம் வருகிறேன் என்றாள். விசா எடுத்தாயிற்று, டிக்கெட்டும் போட்டாயிற்று என்றாள். மகன் தனி வீட்டுக்குப் போனதிலிருந்து வெறுமையாகக் கிடந்த அறையை அவளுக்காகத் துப்புரவாக்கினேன். ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் புதுப் படுக்கை விரிப்பு வாங்கினேன். ஜூனிலும் மழை பெய்யும் என்று ஒரு மழைச்சட்டை எடுக்கப் போனால், கடைக்காரப் பெண் என்ன அளவு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் எப்போதும் அவளுடைய முகம் மட்டும்தானே தெரிகிறது. சட்டை வாங்காமல் வந்துவிட்டேன். உணவகத்தில் மட்டும், அவள் வந்த மறுநாளுக்கு, மாலை ஐந்து மணிக்கு இரண்டு பேருக்கு ஒரு மேசை பதிந்துவைத்தேன்.

வரவேண்டிய நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, வர ஏலாமப் போச்சு. லீவு தரமாட்டினமாம்."

ஜூனில் அங்கே பள்ளிக்கூடங்கள் பூட்டியிருக்கும் என்று அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். பூட்டிய பள்ளிக்கூடத்தில் என்ன லீவு என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவளுடைய குரல் கேட்காதே என்பது போல இருந்தது.

"மேசையை மட்டும் விட்டுடாதை. நீ போ. நான் போனிலை இருப்பன். என்ன எடுக்கிறதெண்டு சொல்லித் தாறன்."

என்னுடைய மனுசன் தானும் வருகிறேன் என்றார். வேண்டாம், தனியவே போகிறேன் என்றேன். அவர் எனக்குக் குடையை எடுத்துத் தந்தார்.

ஆற்றுக்குப் பக்கத்தில், முன்பு தொழிற்சாலையாக இருந்த செங்கல் கட்டடத்தில் இருந்தது அந்த உணவகம். கதவைத் திறந்ததும் பேர்ச் விறகுப் புகை மணத்தது. சமையலறைக்கும் மேசைகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆளுயர அடுப்புக்குள் நெருப்பு எரிய, அதன் முன்னே இரண்டு பேர் வியர்க்க வியர்க்க நின்றார்கள். பரிமாறும் பெண்ணுக்கு என் மகனின் வயதிருக்கும். என்னை யன்னலோரம் இருத்திவிட்டு, மற்றவர் பிறகு வருகிறாரா என்று கேட்டாள். வரமாட்டார் என்றேன். எதிர்ப்பக்கத்துத் தட்டை எடுத்துவிடட்டுமா என்றாள். சரி என்றேன். அவள் தட்டையும் கிளாசையும் கொண்டுபோன பிறகு, எடுக்க விட்டிருக்கக் கூடாது என்று பட்டது.

அந்த இடத்தில் தண்ணீர்ப் போத்தலில் தொலைபேசியைச் சாத்திவைத்துத் தங்கையை அழைத்தேன். அங்கே காலை பதினொரு மணி. அவள் பச்சைச் சேலை கட்டி, தோடு போட்டு, தலை வாரி இருந்தாள். அவளுக்கு முன்னாலும் ஒரு தட்டு இருந்தது.

"விடிய எழும்பிச் சமைச்சனான். ரெண்டு பேரும் ஒண்டாச் சாப்பிடுவம்," என்றாள்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று அவளே சொன்னாள். முதலில் சோளப் பாண் வந்தது.

"கத்தியை வை. கையாலை பிய். சூட்டோடை பிய்."

பிய்த்தேன். ஓரம் மொறுமொறுவென்று, நடு ஈரமாக, இலேசாய் இனித்தது. மேலே பூசிய வெண்ணெயில் தேனும் உறைப்பும் சேர்ந்திருந்தன. அவளும் தன்னுடையதைப் பிய்த்து வாயில் போட்டாள். பிறகு வெண்டிக்காய், கீரை, இறால் களி எல்லாம் வந்தன; ஒவ்வொரு தட்டையும் அவளுக்குக் காட்டிவிட்டுச் சாப்பிட்டேன். வெண்டிக்காயில் வழுவழுப்பே இல்லை, கரி மணத்தோடு நறுக்கென்று கடிபட்டது. இறால் களி நாக்கில் பட்டதும் கரைந்தது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"புகை மணக்குதோ?"

"நல்லா மணக்குது."

"இஞ்சை கரண்ட் அடுப்பு. எனக்கு அது வராது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "இப்பிடி ஒரு கடையிலை நான் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை, அக்கா."

அப்போதுதான் நான் கேட்டேன். "இந்த முறை போகட்டும். ஓகஸ்டிலை வருவியோ? திகதியைச் சொல்லு, நான் லீவு போடுறன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நான் டிக்கெட் போடவேயில்லை."

"என்ன சொல்லுறாய்?"

"காட் கிடைச்சதெண்டு சொன்னது பொய். அகதி வழக்கு இன்னும் அப்பிடியே கிடக்கு. நான் வெளியிலை போனா, திரும்பி உள்ளை விடாயினம்."

"அப்ப ஏன் வாறன் எண்டனி?"

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சொல்லச் சொல்ல, உண்மையாவே வாற மாதிரி இருந்தது. உன்னோடை கதைச்சுப்போட்டு பெட்டியைக்கூட இறக்கி வைச்சனான்."

எனக்கு அம்மாவின் செத்தவீடு ஞாபகத்துக்கு வந்தது. நான்கு வருடத்துக்கு முன் நான் ஊருக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தேன். அவள் வரவில்லை. வேலையில் விடமாட்டார்கள் என்றாள். "உனக்கு அம்மாவை விட வேலை பெரிசாப் போச்சு," என்று ஆட்களுக்கு முன்னால் தொலைபேசியில் கத்தினேன். பிறகு மூன்று மாதம் அவளோடு நான் கதைக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

"அம்மாவுக்கும் அதாலைதானோ வரேல்லை?"

"ஓம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"காட் கிடைச்சதெண்டு அம்மாவுக்குத்தான் முதல் சொன்னனான். அவ ஒவ்வொரு நாளும் அழுதவ, அதுக்காகச் சொன்னனான். கோயிலிலை பொங்கல் போட்டு ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டா. பிறகு என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

நான் மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். அந்தச் சொற்கள் எங்களுக்குள் பழக்கமில்லாதவை. களி ஆறி மேலே ஆடை படர்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பரிமாறும் பெண் வந்து, சாப்பாடு சரியில்லையா என்று மெதுவாகக் கேட்டாள். என் கண்ணை அவள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு நன்றாக இருக்கிறது, இது என் தங்கை, ஜோர்ஜியாவில் இருக்கிறாள், இதையெல்லாம் சமைக்கிறவள் என்று சொன்னேன். அவள் குனிந்து தொலைபேசிக்குக் கைகாட்டி ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னாள்.

தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னாள். சொற்களை இழுத்து இழுத்து, பாடுவது போல, நான் ஒருநாளும் கேட்டிராத ஓர் ஆங்கிலம். மூன்று தரம் சோதனை எழுதியும் ஆங்கிலத்தில் தவறியவள் அவள். அந்தப் பெண்ணோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். எனக்குத் தெரியாத ஒரு மனுசி அந்தக் கண்ணாடிக்குள் இருந்து கதைப்பது போல இருந்தது. அவள் அங்கே இருந்த வருடங்கள் முழுவதும் அந்தக் குரலில் இருந்தன. அவற்றில் ஒருநாளைக்கூட நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

"உங்கள் தங்கை அங்கத்தைய ஆட்கள் மாதிரியே கதைக்கிறா," என்று அந்தப் பெண் என்னிடம் நோர்வேஜிய மொழியில் சொன்னாள். "எங்கள் கீரைக்கு இன்னும் அரை மணித்தியாலம் அடுப்பு வேணுமாம். உள்ளே சொல்லிவிடுகிறேன்."

அவள் போனதும் தங்கை கேட்டாள். "கீரை பச்சையாக் கிடந்தது. சொன்னது பிழையோ?"

"பிழையில்லை. எனக்கும் பல்லிலைதான் நிக்குது."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்க முன் சொன்னேன். "நீ வர ஏலாட்டி நான் வாறன்."

"வேண்டாம்."

"ஏன்?"

"வீடு சின்னன். ரயில் பெட்டி மாதிரி நீட்டுக்கு ஒண்டு. உனக்குப் படுக்க இடமில்லை."

"சின்னனிலை ஒரு பாயிலைதானே படுத்தனாங்கள்."

"நீ இரவு முழுக்க உதைப்பாய்."

"இப்ப முழங்கால் நோ. உதைக்க ஏலாது."

தட்டில் மிச்சமிருந்த சோளப் பாணை உதிர்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடமும் நான் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம், இல்லை, நான்தான் வருவேன் என்று அவள் ஏன் தடுத்தாள் என்பது எனக்கு அந்த மேசையில்தான் விளங்கியது: நான் போனால் பொய் தெரிந்துவிடும். எனக்கும் அது வசதியாக இருந்தது. பிள்ளை, வேலை, மனுசனின் நெஞ்சு வருத்தம் என்று ஒவ்வொன்றைச் சொல்லிச் சொல்லி நானும் காலத்தைப் போக்கியிருக்கிறேன். அவள் பொய் சொன்னாள் என்றால், நான் கேட்காமல் இருந்தேன்.

"ஒக்டோபரிலை வா," என்றாள் கடைசியில். "இப்ப வெக்கை, உனக்குத் தாங்காது."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனுசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளை எவ்வளவத்தைத் தனியச் சுமந்திருக்கு," என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் அவரே மகனைக் கூப்பிட்டு எனக்கு டிக்கெட் போடச் சொன்னார்.

அமெரிக்காவுக்குப் போகும் பயண அனுமதிக்கு இணையத்தில் ஒரு படிவம் நிரப்பவேண்டி இருந்தது. அங்கே எங்கே தங்குவீர்கள், தெரிந்தவர்கள் யார் என்று கேட்டிருந்தது. தங்கை பயந்துபோனாள். "என்ரை விலாசத்தைப் போடாதை அக்கா. என்ரை பேரையும் போடாதை. இப்ப இஞ்சை நிலைமை சரியில்லை." உண்மையைப் போடுவதுதான் நல்லது, அவளுக்கு வழக்குத்தானே நடக்கிறது, ஒளிந்து இருக்கவில்லையே என்றான் மகன். அவன் இங்கே பிறந்தவன். அவனுக்குப் படிவங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது. நான் தங்கை சொன்னபடி ஒரு ஹோட்டலில் அறை பதிந்து அந்த விலாசத்தைப் போட்டேன். அனுமதி வந்துவிட்டது.

இது ஓகஸ்ட். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு கதைக்கிறேன். நாங்கள் இப்போது முந்திப் போல நிறையக் கதைப்பதில்லை. தொலைபேசியைத் திறந்து வைத்துவிட்டு அவள் தன் பாட்டில் சமைப்பாள், நான் என் பாட்டில் உடுப்பு மடிப்பேன். வாற மாதத்துக்கு அடுத்த மாதம், வாற மாதத்துக்கு அடுத்த மாதம் என்று இடைக்கிடை யாராவது ஒருவர் சொல்லிக்கொள்வோம்.

விமான நிலையத்தில் அதிகாரி என்ன கேட்பான், என்ன சொல்லவேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தேன். ஒரு கிழமை நிற்பேன். இவை இரண்டும் சரியாக வந்துவிட்டன. இங்கே உனக்கு யாராவது இருக்கிறார்களா என்ற கேள்விக்கு, ஒருவரும் இல்லை என்று சொல்லவேண்டுமாம். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் ஒருதடவையும் முழுதாக வரவில்லை.