வாய்வு என்று சொன்னது யார்?

போன செவ்வாய்க்கிழமை, தொழிலாளர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு அதிகாரி கேட்ட கேள்வி இது.

எதிரே மூன்று பேர் நின்றோம். என் தங்கை செண்பகம், அவள் கணவர் பரமசிவன், நான்.  சொன்னது நான்தான்.

பரமசிவனுக்கு ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை. மிக்ஸிங் பிரிவு. அதாவது, அழுத்திக் கட்டிய பஞ்சுப் பேல்களை டிராலியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய், பிரித்துப் போடுகிற இடம். ஒரு பேல் இரண்டு ஆள் கனத்துக்கு மேலேயே இருக்கும். நான்கு மாதத்துக்கு முன்பு, ஒரு மத்தியான ஷிஃப்டில், டிராலிச் சக்கரம் தரைப் பள்ளத்தில் மாட்டி ஒரு பேல் சரிந்தது. இவர் விலகியிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் குனிந்து சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் மேல் அது விழுந்திருக்கும். முதுகைக் கொடுத்துவிட்டார்.

ஓடிவந்த சூப்பர்வைசர் சொன்னாராம்: "ஒண்ணுமில்ல வே. வாய்வு பிடிச்சிருக்கும். சுக்குவெந்நி வச்சுக் குடிச்சிட்டுப் பைய படுத்துக்கிடும். காலையில சரியாப் போயிரும்."

விபத்து நடந்தால் எழுதி வைப்பதற்கென்று ஆலை ஆபீஸில் ஒரு நோட்டு உண்டு. வாய்வை யாராவது விபத்து நோட்டில் எழுதுவார்களா?

சூப்பர்வைசரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் வாய்வு பிடிக்காத இடம் ஏதாவது உண்டா? தோள்பட்டை வலித்தால் வாய்வு. விலா எலும்பு குத்தினால் வாய்வு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால்கூட, "நேத்து மொச்சைக்கொட்டை சாப்பிட்டாகளோ" என்றுதான் முதலில் விசாரிப்போம். யாரையும் குற்றம் சொல்லாத வியாதி அது. முதலாளிக்குச் சங்கடம் இல்லை, வீட்டுக்குப் பயம் இல்லை... உருளைக்கிழங்கைத் தவிர வேறு யார் மேலும் பழி இல்லை.

மூன்றாம் நாள் காலை தங்கை போன் செய்தாள். "அண்ணே, அவுகளால கட்டில விட்டு எந்திரிக்க முடியல. ஆஸ்பத்திரிக்கு நீங்க கூடப் போங்களேன். நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு... டாக்டர் கொஞ்சம் மதிச்சுப் பாப்பாகல்லா?"

மதித்துப் பார்ப்பார்கள்! அந்த ஒரு வார்த்தை போதாதா? சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காப்பீட்டு மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் அதற்கு மேல். சாய்வதற்கு முதுகே இல்லாத பெஞ்சில் முதுகு போனவர்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே போனோம். சின்ன வயது டாக்டரம்மா. காலையிலிருந்து பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஆனாலும் முறையாகத்தான் கேட்டார்.

"சொல்லுங்க. என்ன செய்யுது? எப்படி வந்துச்சு?"

பரமசிவன் வாயைத் திறந்தார். "அன்னைக்கு ரெண்டாவது ஷிஃப்டு டாக்டர். நான் உள்ள போவும்போதே மிக்ஸிங்ல ஆளு கம்மி. அப்போ ஃபிட்டர் என்ன சொன்னாருன்னா..."

அவர் பேச்சு அப்படித்தான். கல்யாணத்துக்குப் போன கதையைக் கேட்டால் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிப்பார். வாசலில் நின்ற ஒருவர், "அண்ணாச்சி, சட்டுப்புட்டுன்னு முடிங்க" என்று குரல் கொடுத்தார். டாக்டரம்மா பேனாவைத் தட்டினார். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. நாலு பேருக்குத் தெரிந்த ஆள் இல்லையா நான்?

குறுக்கே புகுந்தேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். வாய்வுப் பிடிப்பு. மூணு நாளா இடுப்பு வலி. அவ்வளவுதான்."

டாக்டரம்மா முகம் தெளிந்தது. ஒரே வரி எழுதினார். பரமசிவன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டிவிட்டார். எவ்வளவு சுருக்கமாகச் சொன்னேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு! வெளியே வந்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மாத்திரை, தைலம், ஊசி என்று ஒரு மாதம் ஓடியது. வலி இறங்கவில்லை, இடது கால் மரத்தது. ஒருநாள் கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று கழன்று விழுந்தது காலுக்கே தெரியவில்லை. அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் எல்லாம். முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷன் செய்வது நல்லது. மாதக்கணக்கில் கனம் தூக்கவே கூடாது என்றார்கள்.

"வேலையில பட்ட அடியா?" என்று அங்கேயும் கேட்டார்கள். இந்த முறை பரமசிவனைப் பேச விட்டேன். ஆள் பற்றாக்குறையில் ஆரம்பித்து, பேல் வரைக்கும் முழுவதையும் சொன்னார். மரியாதையாகக் கேட்டுக்கொண்ட கிளார்க், பழைய சீட்டுகளைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"முதச் சீட்டுல அடிபட்டதுன்னே இல்லியே சார். வாய்வுன்னுல்லா போட்டிருக்கு?"

அப்புறம் அவரே பொறுமையாக விளக்கினார். வேலையில் பட்ட அடி என்றால், குணமாகும்வரை லீவும் சம்பளத்தில் ஒரு பங்கும் உண்டு. சீக்கு என்றால், இத்தனை நாள்தான் என்று ஒரு வரம்பு உண்டு. அது முடிந்தால் முடிந்ததுதான். உடம்பு ஒன்றுதான், வலி ஒன்றுதான். எந்த வார்த்தையில் உள்ளே நுழைந்தோம் என்பதுதான் வேறு.

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஆலைக்கு எழுதிக் கேட்டார்கள். அப்படி ஒரு விபத்து எங்கள் நோட்டில் இல்லை என்று பதில் வந்தது. அதில் பொய்யே இல்லை பாருங்கள். நோட்டில் இல்லைதானே? பரமசிவன் முதுகு கொடுத்துக் காப்பாற்றிய ஒடிசாக்காரர் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். அவருடைய நம்பரைக் கூப்பிட்டால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது.

இப்படித்தான் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

"நான்தான் சார் சொன்னேன்" என்றேன்.

அதிகாரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல சார். பத்திரிகையில எழுதுறேன்."

"அப்போ, எழுதுன எழுத்துக்கு என்ன மதிப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா?"

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். ஸ்கேன் படத்தை நீட்டினேன். விலகியிருப்பது தெரிகிறது, ஆலையிலா வீட்டிலா, எங்கே விலகியது என்று படத்தில் இல்லையே என்றார். வழக்குப் போடலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு என்றார். எவ்வளவு நாள் ஆகும் என்று செண்பகம் கேட்டாள். "அது ஆகும்மா" என்று சொல்லி ஃபைலைக் கட்டிவிட்டார்.

திரும்பும்போது டவுண் பஸ்ஸில் இடம் இருந்தது. உட்கார்ந்தால் வலிக்கும் என்று பரமசிவன் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். ஜங்ஷன் பாலம் தாண்டியதும் பக்கத்தில் போய்க் கேட்டேன்: "மாப்பிள்ள, எம்மேல கோவமா?"

"கோவப்பட்டு என்ன செய்ய மச்சான்? நல்லதுக்குத்தான சொன்னிய."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். அந்தக் குறையைத் தங்கை தீர்த்துவைத்தாள். முன் சீட்டிலிருந்து திரும்பினாள். "அவுக வாயத் தொறந்தாகல்லா அண்ணே? நீங்க ஏன் மூடுனிய?"

பஸ்ஸில் பாதிப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.  எத்தனை வருஷமாக உங்களோடு வாரா வாரம் வாயடிக்கிறேன்... அன்றைக்குக் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

லீவு வரம்பு சனிக்கிழமையோடு முடிந்தது. ஆபரேஷன் என்றால் மறுபடி மாதக்கணக்கில் படுக்க வேண்டும். சம்பளம் இல்லாமல் எப்படிப் படுப்பது? அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, சட்டைக்குள்ளே இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரமசிவன் வேலைக்குப் போனார். நானும் கேட் வரைக்கும் போயிருந்தேன். முழுக் குணம் என்றால்தான் உள்ளே விடுவார்கள்.

அதே சூப்பர்வைசர். "இடுப்பு எப்படி வே இருக்கு?"

"வாய்வுதான் சார். சரியாப் போச்சு" என்றார் பரமசிவன். சிரித்துக்கொண்டே சொன்னார். இடது காலை லேசாக இழுத்தபடி மிக்ஸிங் பக்கம் நடந்தார்.

சூப்பர்வைசர் ஒரு நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். நாளைக்கு நாங்கள் வழக்குப் போட்டால், அந்த நோட்டு மட்டும் தவறாமல் வந்து சேரும்.

ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது வேலையிடத்தில் அடிபட்டு, டாக்டர் "எப்படி வந்துச்சு?" என்று கேட்டால், கூடப் போயிருக்கிற விவரமான ஆளை முதலில் வெளியே அனுப்பிவிடுங்கள்.