ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் பாதி வாடகை

நீங்கள் எழுதிய ஒன்றைப் படித்துவிட்டு யாராவது நிஜமாகவே வீடு மாறியிருக்கிறார்களா? என் போஸ்ட்டைப் படித்து ஒரு குடும்பம் மாறியது. அம்மா, பையன், தங்கச்சி, ஒரு பீரோ, இரண்டு ஆடு.

அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் இருக்கும். பி.காம். முடித்துவிட்டு வில்லியனூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருந்தேன். என் சம்பளம் வெளியே சொல்லும்படி இல்லை. ஆனால் சாயங்காலம் பிளாக்கைத் திறந்தால் நான்தான் ஊருக்கே நிதி மந்திரி. முதல் சம்பளத்தை என்ன செய்வது, பைக்குக்கு இ.எம்.ஐ. போடலாமா, இன்டர்வியூவில் சம்பளம் கேட்டால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். படிப்பவர்களில் பாதி காலேஜ் ஜூனியர்கள், மீதி பாகூர், நெட்டப்பாக்கம் பக்கத்துப் பசங்கள். கம்பெனி பஸ்ஸில் ஷிப்ட்டுக்குப் போகும்போது படிப்பார்கள். அதனால் எதை எழுதினாலும் இரண்டு ஸ்டாப்புக்குள் முடிய வேண்டும் என்பது என் கொள்கை. அதற்காக எந்த வரியையும் வெட்டுவேன்.

அந்த வீட்டுப் பையன் ப்ளஸ் டூ வரை என் கிளாஸ். புதுச்சேரியில் பாகூர் பக்கம் வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா களை எடுக்கவும் கரும்பு வெட்டவும் போவார். அவன் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். சம்பளம் வந்த வாரமே காலியாகிவிடுகிறது என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான்.

"மச்சி, ஊருக்கெல்லாம் அட்வைஸ் பண்றியே, எனக்கு ஒண்ணு சொல்லுடா."

எங்கள் பக்கத்து மேப்பைப் பார்த்திருக்கிறீர்களா? தோசை மாவைக் கை தவறிச் சிந்தினது போல இருக்கும். ஒரு ஊர் புதுச்சேரி, அடுத்த ஊர் தமிழ்நாடு, அதற்கடுத்தது மறுபடியும் புதுச்சேரி. சில இடத்தில் ஒரே ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், எதிர்ப்பக்கம் வேறு அரசாங்கம். எதிரே தமிழ்நாட்டுப் பக்கம் வாடகை பாதிதான். போதாததற்கு அப்போது எங்கள் புதுச்சேரி ரேஷன் கடை பூட்டிக் கிடந்தது. அவர்கள் கடையில் மாசாமாசம் அரிசி போட்டார்கள்.

எழுதித் தள்ளினேன். ரோட்டைத் தாண்டுங்கள், வாடகை பாதியாகும். போனதும் ஆதாரில் அட்ரஸை மாற்றுங்கள். இங்கே ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு அங்கே புதுசு வாங்குங்கள். அரைகுறையாக எதையும் செய்யாதீர்கள். இப்படி ஒரே அதிகாரம். அவன் வரிக்கு வரி அப்படியே செய்தான். அவனை உதாரணமாக வைத்து இன்னொரு போஸ்ட்டும் போட்டேன். என் பிளாக்கில் இன்றுவரை அதிகம் பேர் படித்தது அதுதான்.

இந்த வருஷம் அவன் தங்கச்சி ப்ளஸ் டூ பாஸ். நல்ல மார்க். எட்டாவது படிக்கும்போதிருந்தே நர்சிங், நர்சிங் என்று ஒரே பேச்சு. புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய சீட்டில் சேர்ந்தால் அவர்களால் சமாளிக்க முடியும். அது இல்லையென்றால் நர்சிங்கே இல்லை. அந்தச் சீட்டுக்கு ரெசிடென்ஸ் சர்டிபிகேட் வேண்டும். கடைசி ஐந்து வருஷம் விடாமல் புதுச்சேரியில் குடியிருந்தார்கள் என்று தாலுகா ஆபீசில் கொடுப்பது.

அவன் போன் செய்தான். "மச்சி, ரெசிடென்ஸ் குடுக்க மாட்டேன்றாங்கடா. கார்டு தமிழ்நாடு, ஆதார் தமிழ்நாடு, நீ எந்த ஊரு பாப்பான்னு அவளையே கேக்குறாங்க. அவ பொறந்தது பாகூர்டா!"

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாப்பா, குந்து. வூடு நல்லாக்கீதுபா. நீ சொல்லித்தான வந்தோம். நீ படிச்ச புள்ள, அந்த ஆபீசருகிட்ட ஒரு வார்த்த எடுத்து சொல்லேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னார். தங்கச்சி மட்டும் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாண்ணா, இதுக்கு டிப்ஸ் எதுவும் இல்லியா? ஒரு போஸ்ட் போடுங்களேன். லைக் பிச்சிக்கும்."

"ஏய், வாய மூடுடி," என்றான் அவன்.

"நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்? தோ தெரியுதே பொட்டிக்கட, அது புதுச்சேரி. டெய்லி அங்க போயி ஷாம்பு வாங்கினு வரேன். சீட்டுன்னா மட்டும் நான் வெளியூரா?" அப்புறம் குரலை இறக்கினாள். "ண்ணா, நெசமா சொல்லுங்க. இந்த அஞ்சு வருச விசயம் அப்பவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

பொய். நானே அந்தச் சர்டிபிகேட்டை வைத்துத்தான் காலேஜ் சேர்ந்தேன். எனக்கு சீட் கிடைக்கும்வரை எங்கப்பா ரேஷன் கார்டை நகையோடு பூட்டி வைத்திருந்தார். போஸ்ட்டின் முதல் டிராஃப்ட்டில் ஒரு வரி எழுதியும் இருந்தேன்: வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் மாறாதீர்கள், ரெசிடென்ஸ் போய்விடும். அந்த வரி வந்ததும் போஸ்ட்டே சப்பென்று ஆகிவிட்டது. பாதி வாடகை என்று தலைப்பு போட்டுவிட்டு நடுவில் மாறாதே என்றால் எவன் ஷேர் செய்வான்? வெட்டினேன். யோசித்துத்தான் வெட்டினேன்.

அட்வைஸ் படிக்கிற என் வயசுப் பசங்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதையாவது கேளுங்கள். எழுதினவன் அதைச் செய்தானா என்று பாருங்கள். ரோட்டைத் தாண்டச் சொன்ன நான் அன்றைக்கும் புதுச்சேரிப் பக்கத்தில்தான் குடியிருந்தேன். இன்றைக்கும்தான்.

தாலுகா ஆபீசுக்கு அவனோடு மூன்று தடவை போனேன். அவள் ஒன்றாவதிலிருந்து இங்கே படித்ததற்கான பேப்பர் எல்லாம் கொண்டுபோனோம். மூன்றாவது தடவை அங்கிருந்த கிளார்க் பொறுமையாகவே பேசினார்.

"தம்பி, படிச்சது இங்கதான், ஒத்துக்கறேன். குடியிருந்தது அங்கதானே? கார்டை நீங்களே ஒப்படைச்சிட்டு கையெழுத்து போட்டுக்கீறீங்க. யாருப்பா உங்கள இத பண்ண சொன்னது?"

நான் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"நாங்களாத்தான் சார் பண்ணோம்," என்றான் அவன்.

திரும்பி வரும்போது பைக்கில் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "மச்சி, எனக்குத் தெரியும்டா."

"இன்னாது?"

"அஞ்சு வருஷம். எழுதும்போதே தெரியும். அந்த வரிய நான்தான் எடுத்துட்டேன்."

அவன் உடனே நிறுத்தவில்லை. ஏரிக்கரை தாண்டி, பஸ் ஸ்டாப் வந்ததும் நிறுத்தினான்.

"எறங்கு."

இறங்கினேன்.

"இன்னாத்துக்குடா?"

என்ன சொல்வது? ஷேர் குறையும் என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் மறுபடி பைக்கை ஸ்டார்ட் செய்தான். "அம்மாகிட்ட சொல்லாத, தாங்காது. பாப்பாகிட்ட நீயே வந்து சொல்லு. நான் சொல்ல மாட்டேன்." கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் என் போனை எடுப்பதில்லை.

வெட்டின வரியை இப்போது போஸ்ட்டின் தலையிலேயே போட்டுவிட்டேன். கீழே ஒருவர் 'யூஸ்ஃபுல் தகவல் ப்ரோ' என்று கமென்ட் போட்டிருக்கிறார். தங்கச்சியைப் பார்க்க இரண்டு தடவை கிளம்பி, அந்தப் பெட்டிக்கடை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

இன்று காலை அட்மிஷன் லிஸ்ட் வந்தது. அவள் பெயருக்கு நேராக 'பிற மாநிலம்' என்று போட்டிருக்கிறது.