வாயை மூடிய ஒன்பது நாள்

பத்துமலையின் வாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுவது நல்லது. அவன் வருவதற்கு முன்பே அது வந்துவிடும்.

மலாயாவில், கோலா கங்சார் பக்கம் நான்கு ரப்பர் தோட்டங்களுக்குச் சேர்த்து ஒரே ஆஸ்பத்திரி. முப்பது கட்டில், டாக்டர் இடத்தில் மருந்து கொடுக்க ஒரு டிரெசர், ஒரு பணியாள். டிரெசர் ராமையா காலையில் சைக்கிள் ஏறினால் நான்கு தோட்டத்தையும் சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவார். மிச்சமெல்லாம் பத்துமலை. கூட்டுவான், கஞ்சி காய்ச்சுவான், புண் கழுவுவான். அவன் கைவசம் இருந்த மயக்க மருந்து பேச்சு ஒன்றுதான். கதை அளந்துகொண்டே கட்டுப் பிரிப்பான். நோயாளி சிரித்து ஓய்வதற்குள் தையலும் பிரிந்திருக்கும். இரண்டாவது ஆள் வேண்டுமென்று ராமையா ஒரு வருடமாக மனு எழுதிக்கொண்டிருந்தார். மேலிடமும் ஒரு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான், 1926-ல், காளியம்மாவின் கண் விவகாரம் வந்தது.

காளியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வருடமாக ஒன்றும் தெரியாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டின கை, இப்போது பிள்ளைக் கொட்டகையில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தது. வேலைக்கு ஆகாதவர்களை அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவதென்று துரை பட்டியல் போட்டார். அதில் அவள் பெயரும் இருந்தது. அங்கே அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. புருஷனைப் புதைத்தது இந்த மண்ணில். மகளைக் கட்டிக்கொடுத்ததும் இங்கேதான், பாகான் செராயில்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈப்போவிலிருந்து வரும் வெள்ளைக்காரக் கண் டாக்டர் அவளைப் பார்த்தார். தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் தெரிந்தவர்.

"புரை எடுக்கிறது பத்து நிமிஷம். அப்புறம் ஒன்பது நாள் தலை ஆடக் கூடாது. இருமல் கூடாது, தும்மல் கூடாது, வெத்திலை கூடாது, சிரிப்புக் கூடாது. புண் தொறந்தா கண் போச்சு. பக்கத்தில எப்பவும் ஆள் வேணும். ஆள் இருக்கா?"

"நாந்தான் இருக்கேன்லா தொரை! ஒம்பது நாளு என்ன, தொண்ணூறு நாளு அக்கா தலைய மொளை அடிச்ச மாதிரி வச்சிருக்க மாட்டேனா?" என்றான் பத்துமலை.

காளியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். டாக்டர் பெட்டியை மூட ஆரம்பித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு கிழவர் காவலுக்கு ஆளில்லாமல் இரண்டாம் நாளே கண்ணைப் பறிகொடுத்தது அவருக்கு நினைவிருந்தது. ராமையா டாக்டரைத் தனியே அழைத்துப் போய்க் கெஞ்சினார். கடைசியில் ஓர் ஏற்பாடு: பத்துமலை இருக்கலாம், ஆனால் அந்த அறைக்குள் அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரக் கூடாது.

வலக்கண்ணில் புரை எடுத்து, இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்தார்கள். வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே ராமையா உள்ளே பார்த்துச் சொன்னார்: "காளியம்மா, பேசாத ஆள் ஒருத்தன பக்கத்துல வச்சிருக்கேன். பேசாம படு."

அவளோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். ஈப்போவிலிருந்து புது ஆள் வந்திருக்கிறான், பாவம், பிறவி ஊமை. கண் தெரியாதவர்கள் காலடியிலேயே ஆளைக் கண்டுகொள்வார்கள்தான். ஆனால் பத்துமலை இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த இரண்டு வருடத்தில் அவன் காலடி அவள் காதில் விழ அவன் வாய் எங்கே விட்டது?

தாடை அசையாமல் முணுமுணுக்க அவள் இரண்டாம் நாளே பழகிக்கொண்டாள்.

"தம்பி, ஒன் கை எம்புட்டு பதமா இருக்கு! இங்க பத்துமலைன்னு ஒருத்தன் இருக்கான். பாக்கவே வரல பாரு. வாயி மட்டுந்தான். கஞ்சியில உப்பு போட்டானா இல்லையான்னு கூடத் தெரியாது அவனுக்கு."

உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டியில் ஏந்தி நின்ற பத்துமலைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றியெரிந்தது. பதில்கள் வரிசைகட்டி நெஞ்சில் முட்டின. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுக் கஞ்சியை ஊட்டினான். அறையை விட்டு வெளியே போனதும் கிணற்றடியில் நின்று வாளியிடம் கால் மணி நேரம் பேசினான்.

ஐந்தாம் நாள் மேலிடத்து அதிகாரி திடீரென்று காரில் வந்து இறங்கினார். ராமையா மூன்றாவது தோட்டத்தில் இருந்தார். அதிகாரி கட்டிலருகே வந்து, "இங்கே எத்தனை பணியாள்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேருங்கய்யா," என்று காளியம்மா முந்திக்கொண்டாள். "இந்தப் புதுத் தம்பி ஒண்ணு, தங்கம். இன்னொருத்தன் பத்துமலை, எங்கயாச்சும் கத அளந்துக்கிட்டு இருப்பான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பத்துமலை இல்லையென்று கையை ஆட்டினான். வணக்கம் என்று நினைத்து அவரும் தலையசைத்தார். பின்னாலேயே ஓடி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று அவன் ஓர் அடி எடுத்து வைத்தபோது காளியம்மாவின் மூக்கு விடைத்தது. தும்மல்! பாய்ந்து வந்து அவள் மேலுதட்டை விரலால் அழுத்தி, மறுகையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டான். தும்மல் வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு அடங்கியது. வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு வருட மனுவும் அந்தக் காரோடு போயிற்று. அவனுக்கு அழுகையே வந்தது.

ஒன்பதாம் நாள் டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். விரலை நீட்டினார். "மூணு," என்றாள் காளியம்மா. பிறகு சன்னல், விட்டத்துப் பல்லி, டாக்டரின் சிவந்த மூக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கால்மாட்டில் நின்ற ஒல்லியான மனிதனிடம் வந்து பார்வை நின்றது. அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீதானாப்பா? எம் புள்ள மாதிரி பாத்துக்கிட்டியே. ஒம் பேரு என்னன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

பத்துமலை டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரே ஒரு சொல் என்பதுபோல் ஒரு விரலைக் காட்டினார்.

"அக்கா," என்றான்.

அவ்வளவுதான். காளியம்மா சிரிக்கவில்லை. வாய் கோணியது, உதடு துடித்தது. "அடப்பாவி, ஒம்பது நாளும் நீயா? நான் பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்த?"

"அழக் கூடாது! அழவும் கூடாது!" என்று டாக்டர் கத்தினார். அதைப் பட்டியலில் சேர்க்க அவர் மறந்திருந்தார்.

கப்பல் காளியம்மா இல்லாமல் போனது. அடுத்த மாதம் மேலிடத்துக் கடிதம் வந்தது: ஏற்கெனவே இரண்டு பணியாட்கள் இருப்பதால் புது ஆள் தேவையில்லை. ராமையா விளக்கி எழுதினார். இரண்டு பேர் என்பது நேரில் கண்டு எழுதியது என்று பதில் வந்தது. அதற்குள் நான்கு தோட்டத்திலிருந்தும் ஆறு பேர் புரைக்கண்ணோடு காத்திருந்தார்கள்.

அடுத்த முறை டாக்டர் வந்து அவர்களில் முதல் ஆளான மாயாண்டிக்குக் கண் கட்டிய நாளில், களையெடுப்பு முடிந்த கையோடு காளியம்மா வந்து சேர்ந்தாள். கை கழுவி, முக்காலியை இழுத்து மாயாண்டியின் தலைமாட்டில் போட்டுக்கொண்டாள்.

"நீ எங்கக்கா இங்க?" என்றான் வாசலில் நின்ற பத்துமலை.

"ரெண்டு பேருன்னு சொன்னது நாந்தானே. அப்ப ரெண்டு பேரு இருக்கணும்லா. நீ அந்தப் பக்கம் போயி மத்தவங்களப் பாரு."

அவன் போனான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையிலிருந்து அவன் கதை ஆரம்பித்தது. மாயாண்டியின் உதட்டோரம் மெல்ல விரிவதைப் பார்த்த காளியம்மா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, சிரிப்பில் குலுங்கிய தோள் அடங்கும் வரை அங்கேயே திரும்பி நின்றாள்.